ஆறே பட்டன்

“ரிமோட்ல பட்டன் ஆறுக்கு மேல இருக்கக் கூடாது. ஏழாவதா ஒண்ணு இருந்தா எங்கம்மா அதைத்தான் முதல்ல அமுக்குவாங்க” என்றாள் உல்ரிக்கே.

ஹனோவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். விற்பனைப் பெண் யானா, சுவரை அடைத்துக்கொண்டிருந்த பெரிய டி.வி.க்களையெல்லாம் தாண்டிப்போய், மூலையில் இருந்த ஒரு சின்ன டி.வி.யின் முன்னால் இருவரையும் நிறுத்தினாள். உல்ரிக்கேவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கூட வந்திருந்த ஹோல்கருக்கும் அதே வயதுதான். கண்கள் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. கையில் ஒரு நோட்டு.

“அம்மாவுக்கு என்ன வயசு மேடம்?”

“எண்பத்தேழு. முழங்கால் வலியில மாடிப்படி இறங்கியே நாலு வருஷம் ஆச்சு. நான் பிரெமன் ஊர்ல இருந்து மாசம் ஒரு தடவைதான் வர முடியுது. டி.வி.தான் துணை. அதைக்கூட ஒழுங்கா போடத் தெரியலேன்னா இனிமே தனியா விடக் கூடாது, முதியோர் இல்லத்துல சேர்த்துடுவோம்கிறான் எங்கண்ணன். அம்மா போன்ல அழுதுட்டாங்க.”

“இல்லமெல்லாம் எதுக்குங்க? சரியான டி.வி.யா வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது” என்றார் ஹோல்கர். பிறகு யானாவிடம் திரும்பினார். “இந்த ரிமோட் கீழே விழுந்தா உடையுமா?”

“உடையாது சார். ரப்பர் உறை போட்டது.”

“பேட்டரி?”

“மூடியைத் திருகி வெச்சிருக்கோம்.”

“அப்பாடா! தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு டொக்குன்னு விழும். பேட்டரி தனியா கழண்டு ஜன்னல் வரைக்கும் உருளும்.”

“அப்படியா? அம்மா என்கிட்ட சொன்னதே இல்லையே!” என்றாள் உல்ரிக்கே.

“இது பரவாயில்லைங்க. போன மார்ச்ல எதையோ அமுக்கி, கண் தெரியாதவங்களுக்காக ஒரு குரல் விவரம் சொல்லுமே, அதை வெச்சுட்டாங்க. ஆறு வாரம்! ‘இன்ஸ்பெக்டர் கதவைத் திறக்கிறார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறார்.’ ஆனா ஒண்ணு, அந்த ஆறு வாரம்தான் கதை நல்லாப் புரிஞ்சுது.”

யானா சிரித்துவிட்டாள். “துப்பறியும் தொடர் விடாம பார்ப்பாங்களா?”

“ஞாயித்துக்கிழமை எட்டேகாலுக்கு. நான் எங்க போனாலும் தப்ப முடியாது.”

“ஹெட்போன் ஒண்ணு சேர்த்துக் குடுக்கட்டுமா?”

“போட மாட்டாங்க. முடி கலைஞ்சிடும்” என்றாள் உல்ரிக்கே.

“ஆமா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடியலங்காரம் பண்ற பொண்ணு வரும். அரை மணி நேரம் ஹேர் டிரையர் ஓடும்” என்று நோட்டைப் புரட்டினார் ஹோல்கர்.

யானா எட்டிப் பார்த்தாள். தேதி, நேரம், நிகழ்ச்சி என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் உள்ள அமைதி நேரத்துக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. மாமியாரின் ஓய்வு நேரத்தைக்கூடக் குறித்து வைக்கும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு நெஞ்சு இளகிப்போனது.

“சத்தம் இதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு எல்லை வைக்க முடியுமா?” என்றார் ஹோல்கர்.

“ஓட்டல் அறை டி.வி.க்கு வைக்கிற மாதிரி வைக்கலாம் சார்.”

ஹோல்கரின் முகம் மலர்ந்தது. “பன்னிரண்டுல வையுங்க!”

“ஏங்க, பன்னிரண்டுல வெச்சா எங்கம்மாவுக்கு உதடு அசையறதுதான் தெரியும். நாற்பது வேணும்” என்றாள் உல்ரிக்கே.

“நாற்பதா? உங்கம்மாவுக்கு ஒரு நியாயம்னா எனக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? பதினஞ்சு.”

“முப்பத்தஞ்சு. அதுக்குக் கீழே ஒரு புள்ளி குறையாது.”

விட்டால் மீன் சந்தையாகிவிடும் என்று யானா நடுவில் புகுந்தாள். “சண்டை வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்துல வைக்கிற குட்டி ஒலிபெருக்கி இருக்கு. டி.வி. ஊமையா இருக்கும், இது காதோரமா பேசும். அம்மாவோட நாற்காலி எந்தப் பக்கம் இருக்கு?”

“சமையலறைப் பக்கம்” என்றாள் உல்ரிக்கே.

“இல்லைங்க, ஜன்னல் பக்கம். ஜனவரியில இழுத்துப் போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா, நாற்பது நிமிஷம்.”

பெற்ற மகளுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று உல்ரிக்கேவுக்கு வெட்கமாக இருந்தது. “எங்கம்மாவைப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியுது” என்றாள் மெல்ல.

“தெரியாம இருக்க முடியுமாங்க?” என்றார் ஹோல்கர். பிறகு யானாவிடம், “அந்த ஒலிபெருக்கியை என் கணக்குல போடுங்க” என்றார்.

அதற்கு மேல் யானாவால் அடக்க முடியவில்லை.

“மேடம், நீங்க குடுத்து வெச்சவங்க. எங்கம்மா கண்ணாடி போட்டிருக்காங்களான்னு கேட்டா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க!”

உல்ரிக்கே திடுக்கிட்டு ஹோல்கரைப் பார்த்தாள். ஹோல்கரின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“ஐயோ, வீட்டுக்காரர் இல்லம்மா! எங்கம்மாவோட கீழ்வீட்டுக்காரர்!”

“குடிவந்து மூணு வருஷம் ஆச்சு” என்றார் ஹோல்கர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. “அந்தம்மா முகத்தை மட்டும் இன்னும் பார்த்ததில்லை.”