கறுப்புக் கண்ணாடி

கடைசிச் சீட்டு திரும்புகிறது. மெல்பர்ன் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் நாள்கணக்காகத் தாக்குப்பிடித்த நோபல் பார்க் புறநகர் அனோஜனின் பந்தய வில்லைகள் அத்தனையும் கலகலவென்று எதிராளியின் பக்கம் போகின்றன. சிங்கப்பூரிலிருந்து செய்தி எழுத வந்திருக்கும் கேத்ரின், ‘நொறுங்கிப்போனார்’ என்று கைபேசியில் தட்டுகிறாள். பக்கத்தில் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் அனோஜனின் அப்பாவுக்கு ஆட்டம் விளங்கவில்லை. “தோத்திட்டானோ பிள்ளை?” என்று அவளிடம் கேட்கிறார். “ஆமா அங்கிள்.” “அப்பாடா! இனியாவது நித்திரை கொள்ளுவான்.” அனோஜன் இத்தனை நாளும் கண்களை மறைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை முதல் தடவையாகக் கழற்றுகிறான். சிவந்த கண்கள் விளக்கு வெளிச்சத்தில் கூசி, அப்பாவைக் கண்டுபிடித்துச் சிரிக்கின்றன. உடனே வாய்கொள்ளாத ஒரு கொட்டாவி. கேத்ரின் எழுதியதை அழிக்கிறாள். அவளுக்கும் கொட்டாவி வருகிறது.