விருத்தாசலத்தின் தேக்கு மேசை

"தட்டிப் பாரும்மா. நல்லா வெரல் முட்டியால தட்டிப் பாரு. இந்தச் சத்தம் உன் பிளைவுட்ல வருமா?"

அமலா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தட்டினாள். செருப்புக் காலோடு அந்த மேசைப் பக்கம் போக யாருக்கும் அனுமதி கிடையாது. விழுப்புரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் விருத்தாசலத்துக்கு அது மேசை இல்லை, சாமி. காலையில் ஆபீஸைத் திறந்ததும் சூடம் காட்டுவதே அதற்குத்தான்.

"தேக்குன்னா தேக்குதான் சார்" என்றாள் அமலா. இந்த வேலை கிடைக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்குச் சத்தமா காதில் விழும்?

திண்டிவனத்தில் செல்போன் கடைகளுக்கும் பியூட்டி பார்லர்களுக்கும் இன்டீரியர் செய்துகொண்டிருந்தவள். முழு ஆபீஸ் என்று வந்தது இதுதான் முதல். இதுவும் கைநழுவினால் மறுபடி செல்போன் கடைதான். எதிரே உட்கார்ந்து வரைபடத்தை விரித்தாள்.

"சார், இதுல எதையுமே சுவத்தோட சேத்துப் பூசல. தடுப்பு எல்லாம் தள்ளிக்கிறது. புதுசா ஆள் சேந்தா ஹாலைப் பெருசாக்கிக்கலாம், வேணாம்னா சுருக்கிக்கலாம். நாளைக்கே வேற தொழில் பண்ணாலும் ஒரு செங்கல்லைக்கூட இடிக்க வேணாம்."

"அதெல்லாம் சரி. எத்தினி வருஷம் தாங்கும்?"

"தண்ணி பட்டாலும் உப்பாத பிளைவுட் சார். ஆணியே கெடையாது, எல்லாம் ஸ்க்ரூ. ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம்."

"கழட்டி மாட்டுறதுன்னாலே லொடலொடன்னு ஆடும்மா, மொய் எழுதப் போடுற மேசை மாதிரி."

ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயம் நிமிர்ந்தாள்.

"மொய் மேசை ஆடலம்மா. இவரு அதுமேல ஏறி உக்காந்தாரு. அன்னிலேர்ந்து பிளைவுட்டைக் கண்டா இவருக்கு ஆவறதில்ல."

விருத்தாசலம் காதில் வாங்காதவர்போல் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார். "என் மேசை எங்க?"

அமலா பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "உள் ரூமுக்கு மாத்தியிருக்கேன் சார். ஹால் நடுவுல இது இருந்தா தடுப்பை எந்தப் பக்கமும் தள்ள முடியாது."

"உள்ள எப்படிப் போவும்? இந்த எடம் கீத்துக் கொட்டாயா இருந்தப்ப வந்த மேசை இது. பொறவுதான் சுத்திச் சுவரு எழுப்புனோம். இங்க இருக்கிற எந்த வாசப்படியிலயும் இது நொழையாது."

"அப்ப ஒரு ஓரமா மட்டும் அறுத்து..."

"அறுக்கறதா? எந்திரிம்மா நீ."

அமலா எழுந்திருக்கவில்லை. "புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க எங்க சார் உக்காருவாங்க?"

"இதைச் சுத்தி உக்காரட்டும்."

"நாள் பூரா உங்க மூஞ்சியப் பாத்துக்கினே பில்லு போடணுமா?" என்றாள் ஜெயம். "சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க, பாவம்."

விருத்தாசலம் சிரிக்கவில்லை. மேசையின் ஓரத்தைத் தடவினார்.

"கொரோனால வண்டி ஓடல. அக்கம்பக்கத்துல எல்லாரும் ஷட்டரை இழுத்துட்டுப் போய்ட்டாங்க. நான் மட்டும் தெனமும் வந்து இதுமேல கைய வச்சிக்கினு உக்காந்திருந்தேன். இதாலதான் நின்னேன். இன்னிக்கு ஆள் பத்தாம, ஆபீஸைப் பெருசாக்க உன்னைக் கூப்புடுறேன்னா, அதுவும் இதாலதான்."

அமலாவுக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் மனசு இளகினால் வாசப்படி அகலமாகுமா? உதவிக்கு ஜெயத்தைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த ஜெயம் வெடுக்கென்று சொன்னாள். "அதைத் தொடாத. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

விருத்தாசலத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. "கேட்டுக்கினியா? அறுக்காம, ஒடைக்காம உள்ள கொண்டுபோவ முடிஞ்சா கொண்டுபோ, வேலை உனக்குத்தான். முடியலன்னா வேற ஆளு பாத்துக்கிறேன்."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்பதாகப் போன் வரவே, பேசிக்கொண்டே உள்ளே போனார். அமலா வரைபடத்தைச் சுருட்டினாள். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவரைவிட அந்த அம்மாமேல்தான் அவளுக்கு ஆத்திரம்.

"யம்மா, நில்லு." பின்னாலேயே ஓடிவந்த ஜெயத்துக்கு மூச்சு வாங்கியது. "வேற படம் எதுவும் போடாத. இதேதான். வர்ற கிருத்திகைக்கு அவரு மயிலம் முருகன் கோயிலுக்குப் போனா சாயங்காலம்தான் திரும்புவாரு. நீ ஜல்தியா வந்து மேசையை உள்ள வச்சிடு."

"கேலி பண்றீங்களா? அதை அறுக்காம எப்படிம்மா?"

ஜெயம் ஒருமுறை ஆபீஸைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கொரோனாவுக்கு முந்தின வருஷம் கால் ஒடிஞ்சு அவரு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில கெடந்தாரு. அப்ப அந்த மேசையைக் கரையான் தின்னு அப்படியே உக்காந்துடுச்சு. தேக்கா இருந்தா கரையான் ஏறுமா? வித்தவன் அன்னிக்கே ஏமாத்தியிருக்கான். சொன்னா மனுசன் ஒடிஞ்சுபோயிடுவாருன்னு, அவரு எழுந்து வர்றதுக்குள்ள உங்க திண்டிவனத்துலதான் அதே அளவுக்கு வேற செஞ்சு வாங்கிப் போட்டேன். அறுத்தா குட்டு வெளிய வந்துடும்னுதான் அங்க தொடாதன்னேன்."

அமலா ஸ்கூட்டரை மறுபடி ஸ்டாண்டு போட்டாள்.

"வரும்போது ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு வா. அவரு கைய வச்சிக்கினு உக்காந்திருந்தாரே, அது பிளைவுட்தாம்மா, கழட்டி மாட்டுறதுதான். இல்லன்னா இந்த வாசப்படியில எப்படி உள்ள வந்திருக்கும்?"