நாளைக்கு ஒருத்தருக்குத்தான் லீவு

“மேடம், என்னோட லீவை அனுமதிச்சுட்டு, அப்புறம் உங்களோடதைப் போட்டிருக்கலாமில்ல?”

“அனுமதிச்சிருந்தா என்னோடது போயிருக்குமே—”

“இப்ப என்னோடது போச்சே!”

“நேத்தே போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா பார்க்கிறேன், எதுக்கெடுத்தாலும் யோசனை, யோசனை—”

“யோசிக்கிறது ஒரு குத்தமா? உங்களை மாதிரி எடுத்தேன் கவிழ்த்தேன்னு—”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க!”

சொன்ன பிறகுதான் போர்ட்டல் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது இயற்பியல் துறைத் தலைவியும், அதே துறையின் மூத்த பேராசிரியரும்.

மாணவர்களுக்கு மதிப்பெண், ஆசிரியர்களுக்கு வருகைப் பதிவு, அலுவலகத்தாருக்குச் சம்பளச் சீட்டு, எல்லோருக்கும் லீவு என்று பல்கலைக்கழகத்தில் எல்லாமே ‘போர்ட்டல்’ என்ற இணையதளத்துக்குப் போய்விட்டது. எது மக்கர் பண்ணினாலும் ஓடி வருவது இவளுடைய கணினி அறைக்குத்தான். அதனால் அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் போர்ட்டல் அக்கா.

இந்த இருவரும் அவளுக்குப் புதியவர்கள் அல்லர். மாணவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் மின்னலும் இடியும். முதலில் மேடம் வெட்டுவார், சற்றுத் தாமதித்து சார் முழங்குவார். ஆய்வகச் சாவி, மின்விசிறி, பாட அட்டவணை என்று எதற்கும் சண்டைதான்.

“போர்ட்டல் மேல தப்பில்ல சார்,” அக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். “உங்க துறையில நிரந்தர ஆளுங்க நீங்க ரெண்டு பேர்தான். மேடம் லீவு போட்ட உடனே அது உங்களைப் பொறுப்புத் தலைவர் ஆக்கிடுச்சு. பொறுப்புல இருக்கிறவருக்கு லீவு கிடையாது.”

“எனக்கு எதுக்கும்மா பதவி? நான் கேட்டேனா? கௌரவ விரிவுரையாளர் நாலு பேர் இருக்காங்களே, அவங்க தலையில கட்ட வேண்டியதுதானே?”

“அவங்களை இது ஆளாவே மதிக்காது சார்.”

“சரி, நான் பாட்டுக்கு வராம இருந்துட்டா?”

“காலையில பொறுப்புத் தலைவர் உள்ள நுழைஞ்சாத்தான் உங்க துறையோட வருகைப் பதிவே திறக்கும். இல்லேன்னா மொத்தத் துறைக்கும் ஆப்சென்ட். அந்த நாலு பேருக்கும் ஒரு நாள் சம்பளம் போயிடும்.”

சார் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அந்த நாலு பேரும் அவரிடம் படித்தவர்கள்.

சுவர்க் கடிகாரத்தை அக்கா பார்த்தாள். ஐந்து மணிக்கு நாளைய லீவுக் கதவு அடைபடும். இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை.

“ஒரே வழிதான். மேடம் நாளைக்குப் போங்க, சார் நாளன்னைக்குப் போங்க.”

“முடியாது!” என்றார்கள் இருவரும்.

இவர்கள் ஒரே குரலில் பேசி அக்கா இதுவரை கேட்டதில்லை.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு நேரம் குடுத்திருக்காங்க,” என்றார் சார். “விட்டா இனிமே எப்பக் கிடைக்குமோ.”

“எனக்கும் நாளைக்குத்தான் குடுத்திருக்காங்க,” என்றார் மேடம் சட்டென்று.

“பல் டாக்டரா சார்?”

“அதைவிட வலிக்கிற விஷயம்.”

“வலிக்கும்னா போகாதீங்களேன்!” மேடம் பாய்ந்தார். “உங்களை யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?”

“பார்த்தீங்களாம்மா? ஒரு பேச்சுக்குச் சொன்னா, என்ன பாய்ச்சல் பாயறாங்க!”

அக்காவுக்குத் தன் வீட்டுப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. பேருந்தில் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டும் நின்றுகொண்டே வரும். இது லீவுச் சண்டை இல்லை, வீம்புச் சண்டை என்று முடிவு கட்டினாள். அவர் போவது இவருக்குப் பொறுக்கவில்லை, இவர் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப மேடம், நீங்க உங்களோடதை ரத்து பண்ணுங்க. சார் போகட்டும்.”

“அவர் மட்டும் போய் என்ன பண்ணுவாராம்?”

“அது அவர் பாடு மேடம், நமக்கென்ன?”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

“அப்ப சார், நீங்களாவது விட்டுக்குடுங்க. பெரிய மனுஷன் இல்லையா?”

“இத்தனை வருஷமா விட்டுக்குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?” சார் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போகட்டும். தாராளமா, தனியாவே போயிட்டு வரட்டும். நான் இங்க உட்கார்ந்து வருகைப் பதிவைத் திறந்து வைக்கிறேன்.”

அக்கா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மனம் மாறுவதற்குள் சாரின் பெயருக்கு நேரே பொறுப்பை உறுதி செய்தாள். திரையில் மேடத்தின் லீவு பச்சை நிறமாகி உறுதியானது. ‘அப்பாடா’ என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

“முடிஞ்சது மேடம்! சார் மனசு வெச்சுட்டார். நாளைக்கு நீங்க மட்டும் நிம்மதியா போயிட்டு வாங்க.”

மேடம் நகரவில்லை. பச்சை நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற முதுகைப் பார்த்தார். எப்போதும் வெட்டும் அந்தக் குரல் முதல் தடவையாக உடைந்தது.

“இவரை விட்டுட்டு நான் மட்டும் போய், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல யாரைம்மா கல்யாணம் பண்ணிக்கிறது?”