பேச ஓர் இடம்

திமிர் பிடித்த அம்மாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நேர்காணல் அறை எங்கே என்று கேட்டதற்கு, வாயைத் திறக்காமல் மாடிப்படிப் பக்கம் விரலை மட்டும் நீட்டிவிட்டு, தானும் அந்தப் படியிலேயே விடுவிடுவென்று ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்து, முதல் எழுத்திலேயே சிக்கி, மூச்சைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்த கேள்வி. சின்ன வயதிலிருந்தே திக்குவாய்.

கதவைத் திறந்தால், நடு நாற்காலியில் அதே அம்மாள்.

"மேடம் வேற பல்கலைக்கழகத்துலேர்ந்து இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்காங்க. பேச்சு சிகிச்சை மேல்படிப்புக்கு யாரைச் சேர்க்கறதுன்னு முடிவு பண்றது அவங்கதான்," என்றார் வலது பக்கம் இருந்த பதிவாளர். எல்லாருக்கும் சேர்த்துத் தானே பேசிவிடுகிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. "கேள்வி கேக்கறது நாங்க. உன் பேரு?"

திக்குகிறவர்களுக்கு முதல் எதிரியே சொந்தப் பேர்தான். சிக்கினால் மாற்றிச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. அவள் பாதியில் நிற்கும்போதே பதிவாளர் விண்ணப்பத்தைப் பார்த்து மீதிப் பேரைத் தானே படித்துவிட்டார்.

இடது பக்கம் இருந்தவர் அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கும் தோல் டாக்டர். தலை வழுவழுவென்று மின்னியது. பேனாவை மூடி வைத்தார்.

"மார்க் பிரமாதம், இல்லேங்கல. ஆனா பேச்சு வரலைன்னு உன்கிட்ட வர்றவன், நீ பேசறதைக் கேட்டா எழுந்து ஓடிடுவானேம்மா."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"சார், மு... முடி கொட்டுதுன்னு உங்ககிட்ட வர்றவங்க யாராவது ஓடியிருக்காங்களா?"

பதிவாளருக்குப் புரையேறியது. தோல் டாக்டரின் கை தானாகத் தலைக்குப் போய்த் திரும்பியது. நடு நாற்காலி அம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பதிவாளர் முந்திக்கொண்டார்.

"பாரு, மேடத்துக்கே கோவம் வந்துடுச்சு. வாய்க்கொழுப்புக்கு மட்டும் குறைச்சலில்ல. உன் நல்லதுக்குச் சொல்றேன், மருத்துவ ஆவணப் படிப்புல ஒரு இடம் காலியா இருக்கு. நாள் பூரா கம்ப்யூட்டரோடதான் வேலை. யார்கிட்டயும் பேசவே வேண்டாம். அதுல போட்டுடட்டுமா?"

பேசவே வேண்டாம். வீட்டிலும் இதே கதைதான். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம், எங்கே போனாலும் அவள் வாயெடுப்பதற்குள் அம்மா பேசி முடித்துவிடுவாள். பாசத்தில்தான். இன்றைக்கும் கூட வருகிறேன் என்று அம்மா செருப்பை மாட்டியபோது, "நீ வந்தா நான் ஊமையாயிடுவேம்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள்.

"வேண்டாம் சார். நான் பேசத்தான் வ... வந்திருக்கேன்."

"பேசு, யார் தடுத்தா?" தோல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிப் பயிற்சியில ஒரு லாரி டிரைவரைப் பார்த்தேன். பக்கவாதத்துல பேச்சு போயிடுச்சு. அவர் 'த'ன்னு ஆரம்பிச்சா ஒருத்தர் தண்ணி கொண்டுவருவாங்க, ஒருத்தர் தலகாணியைத் தூக்கி வைப்பாங்க. ஆளாளுக்கு அவர் வா... வார்த்தையை முடிச்சு வச்சாங்க. நான் முடிக்கல. பக்கத்துல உட்கார்ந்தே இருந்தேன். அவர் கேட்டது தண்ணியும் இல்ல, தலகாணியும் இல்ல. 'தங்கச்சி எங்கே'ன்னு கேட்டார், சார். அப்படி உட்கார்ந்திருக்கணும்னு எனக்கு எந்தப் பு... புஸ்தகமும் சொல்லித் தரல."

பதிவாளர் நடு நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க ஏதாவது கேக்கணுமா?" பதிலுக்குக்கூட அவர் நிற்கவில்லை. "ஒண்ணுமில்லையாம். நீ கிளம்பலாம்மா."

அவள் எழுந்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. நேராக அந்த அம்மாளுக்கு எதிரே போய் நின்றாள்.

"மேடம், கீழேயும் நீங்க வாய் திறக்கல, இங்கேயும் திறக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா கு... குறைஞ்சா போயிடுவீங்க? நான் லாயக்கில்லைன்னா அதை உங்க வாயால சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

"ஏய், யார்கிட்ட என்ன பேசறே?" பதிவாளர் பாதி எழுந்துவிட்டார். "நீங்க விடுங்க மேடம், நானே..."

"சார், அவங்க பேசட்டும். எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன்."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் இறுகி, மேஜை விளிம்பைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயின.

தொலைந்தோம் என்று நினைத்தாள் அவள். ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

"இ... இ... இ... இடம் உ... உனக்குத்தாம்மா."