பெரியவளின் மயக்கம்

தம்பி கையில் எடுத்தது ஆறடி நீளக் கம்பி. அண்ணன் கையில் கிடைத்தது அதைவிடக் கொஞ்சம் குட்டை, ஆனால் கனம் கூடுதல்.

வெல்டிங் பட்டறையில் சண்டை வந்தால் இதுதான் வம்பு. மற்ற வீடுகளில் கைக்கு எட்டுவது செருப்பாக இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு தட்டாக இருக்கும். இங்கே எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் இரும்பு.

பெரியவள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு ஓடி வந்தாள். அண்ணன் பெண்டாட்டி அவள். அதனால் வீட்டில் அவள் பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள்.

பட்டறைக்கு நடுவே சுவர் எழுப்பத் தம்பி காலையில் கயிறு கட்டி அளந்திருக்கிறான். அண்ணன் அந்தக் கயிற்றை அறுத்து எறிந்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். இவர்கள் அடித்துக்கொள்ள அதுவே அதிகம்.

ஓடிப்போய்ப் புருஷனின் கையைப் பிடித்தாள். உதறினான். கொழுந்தனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவராவது உள்ளே கால் வைக்க வேண்டுமே.

இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. யாராவது நிறுத்தாவிட்டால் ஒருத்தர் மண்டை உடைந்து சாவார், இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போவார். சாயங்காலம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத்தான் வரும். அதுகளிடம் என்ன சொல்வது?

போன மாதம் வரைக்கும் இதற்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது.

மயங்கி விழுவாள்.

முதல் தடவை நிஜமாகவே மயங்கினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு சண்டையில். கண் விழித்தபோது அண்ணன் தலைமாட்டிலும் தம்பி கால்மாட்டிலுமாக அவளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கதவில் இடிக்காமல் பார்த்துப் போகும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஒருத்தி கீழே விழுந்தால்தான் இந்த வீட்டில் சமாதானம் என்றால், விழுந்துவிட்டுப் போகிறேன்.

வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் மவுசு குறைந்துவிடும் என்று அளவாகத்தான் விழுந்தாள். எங்கே விழுவது, எந்தப் பக்கம் சாய்வது, எத்தனை முறை தண்ணீர் தெளித்த பிறகு முனகுவது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அதையும் கெடுத்தாள் சின்னவள். போன மாதம் பெரியவள் விழுந்து கிடந்தபோது, விளக்குமாற்றுக் குச்சியால் அவள் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தாள். கட்டைவிரல் துள்ளியது. கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பெரியவளின் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து தெருவில் அவள் பெயர் நாடகக்காரி. அன்றிலிருந்து பெண்கள் இரண்டு பேருக்கும் பேச்சும் கிடையாது.

கம்பிகள் உயர்ந்தன.

வேறு ஒன்றும் செய்யத் தெரியாத பெரியவள், எடுபடாது என்று தெரிந்தே விழுந்தாள்.

இரும்புத் தூள் கொட்டிக் கிடந்த இடம். முழங்கை கிழிந்து எரிந்தது. அவள் அசையவில்லை.

"எந்திரிங்க அண்ணி. இன்னைக்கு உங்க நாடகமெல்லாம் நடக்காது."

கொழுந்தனின் குரல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கண்ணை மூடிக்கொண்டு காலடிகளைக் கேட்டாள். புருஷன் ஒரு எட்டு வைத்தான். கொழுந்தன் ஒரு எட்டு வைத்தான். வழியில் கிடக்கிற மூட்டையைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிப் போனார்கள்.

கடவுளே, இன்றைக்கு மட்டும் நிஜமாக மயக்கம் வரக் கூடாதா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். வரவில்லை. வராதது மட்டுமா, காது வேறு கூர்மையாகிவிட்டது. கம்பி வீசுகிற சத்தம். கம்பியும் கம்பியும் மோதுகிற சத்தம்.

அப்புறம் அவள் பக்கத்திலேயே ஓர் உடம்பு தொப்பென்று விழுந்தது.

போச்சு. ஒருத்தர் போயாச்சு.

யார் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. புருஷனாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். உடனே, கொழுந்தனாகவும் இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

தம்பி அலறினான். தன் பெண்டாட்டி பெயரைச் சொல்லி அலறினான்.

ஒரு கம்பி ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது.

சின்னவளுக்கா அடி? குறுக்கே வந்து விழுந்துவிட்டாளா அந்தப் பாவிப் பெண்? பெரியவளுக்கு எழுந்து அவளை அள்ளி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கண்ணைத் திறக்கப் போனாள்.

முந்தானைக்கு அடியில் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. காதோரம் மூச்சுப் பட்டது. ஒரு மாதமாக அவளிடம் பேசாத குரல்.

"கண்ணைத் திறந்துடாதீங்கக்கா. ஒரு கம்பிதான் விழுந்திருக்கு."