கைதட்டாத கணவர்

“எங்க வீட்டுக்காரரை உள்ள உக்கார வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க கோச். நான் சொன்னா சண்டையாயிடும்.”

ஆஸ்பத்திரி ஊழியர்களின் கூடைப்பந்து அணிக்கு இப்படிக் கேட்ட நர்ஸ்தான் முதுகெலும்பு. இறுதிப் போட்டி தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

கோச்சுக்கும் அந்த மனிதரைக் கண்டால் ஆகாது. மனைவி பந்தெறியும் வளையத்துக்கு நேர் பின்னால், கண்ணாடிப் பலகை வழியே தெரிகிற மாதிரி வந்து உட்காருவார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால், பையைத் தூக்கிக்கொண்டு அவரும் மாறுவார். சிரிப்பு கிடையாது, பேச்சு கிடையாது. அணிப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் சிசிடிவி.

“எல்லார் வீட்டு ஆளுங்களும் விசிலடிக்கிறாங்க. இவர் ஒரு தடவைகூடக் கைதட்டினதில்ல கோச்,” என்றாள்.

கோச் நயமாகத்தான் போய்ச் சொன்னார். முதல் பாதியாவது பார்க்கிறேனே என்று கணவர் இழுத்தார். பிறகு வாதாடாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காலியான இடத்தில் எதிரணியின் ரசிகர்கள் வந்து நிறைந்தார்கள்.

நர்ஸின் முதல் எறி வளையத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்தது வளையத்தைத் தொடவே இல்லை. யாரும் மறிக்காமல் தனியாக நின்று எறிகிற ஃப்ரீ த்ரோவும் போயிற்று.

பந்தைப் பார்க்காதே, வளையத்தின் பின்விளிம்பை மட்டும் பார், பந்து கையை விட்டுப் போன பிறகும் கண்ணை எடுக்காதே என்று கோச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருந்தது. இனி அவளை உட்கார வைப்பதைத் தவிர வழியில்லை.

இடைவேளையில் வெளியே வந்த கோச், சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற கணவரைப் பிடித்துக்கொண்டார்.

“போறப்ப அவங்கள என்ன சொன்னீங்க? ஒரு பந்துகூட விழல.”

“ஒண்ணும் சொல்லல சார். பலகைக்குப் பின்னாடி யாரு உக்காந்திருக்காங்க?”

“எதிர் டீம் ஆளுங்க. துண்டைச் சுத்திக்கிட்டு ஒரே ஆட்டம்.”

கணவரின் முகம் வாடியது. தயங்கித் தயங்கிச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் எது அசைந்தாலும் அவள் பார்வை வளையத்தை விட்டு அங்கே ஓடிவிடுகிறதாம். பயிற்சியில் குறி தப்பாதவள் மேட்ச்சில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். அதனால்தான் முன்கூட்டியே வந்து அந்த இடத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் பையும் குடையும் வைத்து, அசையாமல் உட்காருகிறாராம்.

இத்தனை நாள் கண்ணை எடுக்காதே என்று கத்தினோமே, அந்தக் கண் எங்கே போகிறது என்று பார்த்தோமா என்று கோச் தன்னையே கேட்டுக்கொண்டார்.

“உள்ள வாங்க சார். இனி அவங்க எறியப்போற பக்கம் நம்ம ஆளுங்கதான். எழுந்திருக்கச் சொல்றேன்.”

நடந்துகொண்டே கேட்டார். “இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. கைதட்டலைன்னு எவ்வளவு வருத்தப்படுறாங்க தெரியுமா?”

“வேண்டாம் சார், நீங்களும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வளையத்தைப் பாக்க மாட்டா. என்னைத்தான் பாப்பா.”