இருநூறு மீட்டர்

"திருப்புங்க! எல்லைக்கோட்டைத் தாண்டி இருநூறு மீட்டர் வந்துட்டீங்க, உடனே படகைத் திருப்..."

"யாரு தாண்டினது? கோடென்ன தண்ணியில போட்டு வச்சிருக்கா? எங்க, காட்டு பாக்கலாம்!"

"கேப்டன் ஐயா, நான் பேசிட்டிருக்கேன்."

"நீ எங்க பேசற? தகரம்ல பேசுது! உள்ள ஒரு ஈ காக்கா இல்ல, ஒலிபெருக்கிய மட்டும் கட்டி அனுப்பிட்டாங்க!"

கரையில், கட்டுப்பாட்டு அறையில் நின்றிருந்த லெப்டினன்ட் நாம்குங்குக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வடக்கே எதிரி நாட்டுக் கடலை ஒட்டிய ஹாக்சம் தீவுக்கு அவர் மாற்றலாகி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. எதிரே திரையில் ஒரு பழைய நண்டுப் படகு ஆடிக்கொண்டிருந்தது. அதை மறித்து நின்றது கடற்படையின் ஆளில்லா ரோந்துப் படகு. எட்டு கிலோமீட்டருக்கு இப்பால் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் சார்ஜண்ட் தாசோம். அவள் பக்கத்தில் இஞ்சி டீ ஆறிப்போய்க் கிடந்தது.

"ஐயா, வடக்க பீரங்கிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. விளையாட்டு இல்ல இது."

"அம்பது திருட்டுப் படகு வந்து நம்ம நண்டை அள்ளிட்டுப் போகுது. அதையெல்லாம் விட்டுட்டு என் கழுத்தைப் புடிக்க வந்துட்டா!"

"மிதவைச் சட்டையை ஏன் கழட்டி வச்சிருக்கீங்க? கேமராவுல நல்லாத் தெரியுது."

"புழுங்குது. உனக்கென்ன?"

"போடுங்க முதல்ல!"

"கட்டிக்கிட்டவகூட இத்தனை அதட்டினதில்ல. போட்டுத் தொலைக்கிறேன், போ. ஆமா, உன் தகரத்துக்கென்ன சளி புடிச்சிருக்கா? குரல் கரகரங்குது?"

திரையில் கிழவர் முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார். கொக்கியைக்கூட ஒழுங்காகப் போட்டார். படகை மட்டும் திருப்பவில்லை.

நாம்குங் எட்டி ஒலிவாங்கியை அணைத்தார்.

"இந்த மாசம் இது எத்தனாவது தடவை?"

"ஏழு, சார்."

"மூணாவது தடவையே அறிக்கை போயிருக்கணும். போனா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"உரிமத்தை நிறுத்திடுவாங்க, சார். நண்டு சீசன் போயிடும். வருஷம் பூரா அதை நம்பித்தான்..."

"அவரும் இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே வர்றார்?"

நாம்குங் பதிவேட்டை அவள் முன்னால் நகர்த்தினார். காலையிலேயே அதை அவர் அலசிப் பார்த்திருந்தார்.

"ஏழு தடவையும் உன் ஷிப்டு. மத்தவங்க இருக்கிறப்போ ஒரு அங்குலம்கூடத் தாண்டல. வலையாவது போடறாரான்னா, அதுவும் இல்ல. வர்றார், அரைமணி நேரம் உன்கூட மல்லுக்கு நிக்கறார், போறார். உனக்கு இளகின மனசுன்னு கண்டுபிடிச்சுட்டார். ஆளில்லாத படகுதானேன்னு ஒரு இளக்காரம் வேற."

"சார், இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கலாமே..."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. தோள் குலுங்க இருமினாள். கண்ணில் நீர் முட்டியது.

"இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு அந்த மனுஷனோட கத்தறே. தள்ளு, இன்னிக்கு நான் பேசறேன். பேசிட்டு அறிக்கையில கையெழுத்தும் போட்டு அனுப்பிடறேன்."

தாசோம் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினாள். நாம்குங் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியை இயக்கினார்.

"நண்டுப் படகு கவனிக்கவும். பேசறது லெப்டினன்ட் நாம்குங். இதுதான் உங்களுக்குக் கடைசி எச்சரிக்கை."

வானொலியில் இரைச்சல் மட்டும் வந்தது. இவ்வளவு நேரம் காதைக் கிழித்த வாய் எங்கே போயிற்று? திரையில் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத படகைப் பார்த்துக் குனிந்து ஒரு கும்பிடும் போட்டார்.

"ஐயா..." குரல் அடியோடு மாறியிருந்தது. "இப்பப் பேசிட்டிருந்த பொண்ணு எங்கங்க?"

"அதைப் பத்தி உங்களுக்கென்ன? படகைத் திருப்புங்க."

"இதோ திருப்பிடறேன். உரிமத்தை வேணும்னாலும் எடுத்துக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. குரல் நேத்தே கரகரங்குச்சு. டாக்டர்கிட்ட காட்டினாளாங்க?"

நாம்குங் திரும்பிப் பார்த்தார். தாசோம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருமலை அடக்குகிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

வானொலி மறுபடி கரகரத்தது.

"என்கூடப் படகுக்கு வான்னேங்க. கடற்படைக்குத்தான் போவேன்னு நின்னா. போனா என்கூடப் பேசாதேன்னு ஒரு கோவத்துல சொல்லிட்டேன், ரெண்டு வருஷம் ஆச்சு. ஐயா, வீட்டுக்குள்ள கால் வச்சதும் அவ அம்மா, 'இன்னிக்கு நம்ம புள்ள குரல் எப்படி இருந்துச்சு'ன்னு கேப்பா, நான் என்னன்னு சொல்லட்டும்?"